மூச்சுக் குழாயும் ஜெபக் கூட்டமும்

கால் மரத்துப்போனதை முதலில் செருப்பின் குறை என்றுதான் நினைத்தேன். அல்சூர் கடைத்தெருவில் வாங்கிய புதுச் செருப்பு. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தபோது இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி மூலையில் வீசினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வழுக்கவில்லை, தலை சுற்றவில்லை. முழங்கால்கள் தாமாக மடங்கிக்கொண்டன. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

என் கணவர் ஜெயராஜ் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு சூப்பர்வைசர். லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. அன்று மெட்ரோ நிலையம் வரை போய்விட்டவரை எங்கள் மகள் பிரிஸ்கா போன் செய்து திரும்ப வரவழைத்தாள். மர்பி டவுனில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தே வெளியே வந்து பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு வெட்கப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். கால் எகிறவில்லை. முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கை கால்களில் வயர் ஒட்டி, சின்னச் சின்னதாய் ஷாக் கொடுத்து, நரம்பு செய்தியை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்த்தார்கள். மாலையில் நரம்பியல் டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. கன்னட வாடையோடு நல்ல தமிழ் பேசினார்.

"இதுக்குப் பேரு குய்யான்-பாரே. கிருமியை அடிக்க நம்ம உடம்பு ஒரு படையைத் தயார் பண்ணும் இல்லையா? வயித்துப்போக்கு வந்தப்போ தயாரான படை இப்போ உங்க நரம்பையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. நரம்பு மேல ஒரு உறை இருக்கு. அது அரிச்சுப் போகுது."

"இன்சுலேஷன் போயிடுச்சு, வயர் அப்படியே இருக்கு. அப்படித்தானே மேடம்?" என்றார் ஜெயராஜ்.

"கரெக்ட். உறை திரும்ப வளரும். பெரும்பாலானவங்க எழுந்து நடந்துடுவாங்க. ஆனா எத்தனை நாளாகும்னு என்னால சொல்ல முடியாது. முதல்ல இது இன்னும் மேல ஏறும். மூச்சு வரைக்கும் போகலாம்."

அவர் சொன்னதுபோலவே ஏறியது. முதலில் இடுப்பு, பிறகு கைகள். அப்புறம் வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துபோனது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி வென்டிலேட்டரோடு இணைத்தார்கள். அதன் பிறகு எனக்காக மூச்சு விட்டது அந்த இயந்திரம்தான்.

இனிமேல் நான் சொல்லப்போவதை, வீட்டில் யாராவது இந்த நிலையில் கிடந்தால், தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கை, கால், கழுத்து, முகம் எதுவும் அசையாது. இமைகள் பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டன. கண் காய்ந்துவிடக் கூடாது என்று களிம்பு தடவி, பல சமயம் இமைகளையும் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஆனால் உள்ளே நான் முழு விழிப்போடு இருந்தேன். வலியும் இருந்தது. போர்வை காலில் உரசினால் கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் இருக்கும். மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. எச்சில் தொண்டையில் தேங்கும், விழுங்க முடியாது. சிஸ்டர் என்னை ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது காது மடங்கிக்கொண்டுவிட்டால், அடுத்த முறை புரட்டும் வரை அந்தக் காதுதான் என் உலகம். கத்த முடியாதவளின் உடம்புக்குள் ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள்.

வருகிறவர்கள் நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்தார்கள். அதனால் என் தலைமாட்டில் நின்று எல்லாவற்றையும் பேசினார்கள்.

அதிகம் பேசியது எஸ்தர் அக்கா. ஜெயராஜின் மூத்த சகோதரி. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தவர். தொம்மலூரில் இருக்கிறார். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துகிறவர். பார்வையாளர் நேரம் தொடங்கியதும் எண்ணெய்க் குப்பியோடு வந்துவிடுவார். என் நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து, உரத்த குரலில் ஜெபிப்பார். அவரோடு ஒவ்வொரு நாளும் வேறு யாராவது வருவார்கள். ஒருவர் இது சோதனை என்றார். இன்னொருவர், ஆண்டவர் பொன்னைப் புடமிடுகிறார் என்றார். பாஸ்டர், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தனை பேரும் எனக்காக அழுதார்கள். ஆனால் ஓடிப்போக முடியாதவளுக்குச் சொல்லப்படும் விளக்கம் எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு விரல்கூட இல்லை.

என் ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நீரை மாற்றித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை நடந்தது. வியாதி மேலே ஏறுவது நின்றது. இறங்கவும் இல்லை. வாய்க்குழாயை அதிக நாள் வைத்திருந்தால் தொண்டை புண்ணாகிவிடும் என்றார் டாக்டர். கழுத்தின் முன்பக்கத்தில் சின்னத் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைக்க வேண்டும். அதற்கு ட்ரக்கியாஸ்டமி என்று பெயர். வாய் விடுபடும், சளியை எடுப்பதும் சுலபம், பிற்பாடு துளை தானாக மூடிக்கொள்ளும் என்று விளக்கிவிட்டு, ஜெயராஜிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் போனார்.

எஸ்தர் அக்கா அப்போது என் காலடியில் நின்றிருந்தார்.

"தம்பி, கையெழுத்து போடாதே. கழுத்த அறுத்தாங்கன்னா அப்புறம் அவ பேசவே மாட்டா. ஞாயித்துக்கிழமை உபவாச ஜெபம் வெச்சிருக்கோம். அது வரைக்கும் பொறு."

"டாக்டர் சீக்கிரம் சொல்லச் சொன்னாங்கக்கா."

"டாக்டர் பெருசா, ஆண்டவர் பெருசா? நீயே சொல்லு."

"சரிக்கா" என்றார் ஜெயராஜ். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அக்கா முன்னால் அவர் இன்றைக்கும் சின்னப் பையன்தான். என் கழுத்தைப் பற்றி இரண்டு பேர் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரியிடம் யாரும் கேட்கவில்லை. ஞாயிறு வரை பொறுப்பது என்று தீர்மானமாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் குழாய் அடைத்துக்கொண்டது. கெட்டிச் சளி. இயந்திரம் காற்றைத் தள்ளுகிறது, காற்று உள்ளே வரவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. மானிட்டர் அலறியது. சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். யாரோ காற்றுப் பையை அழுத்தினார்கள், யாரோ குழாயை உருவினார்கள். சுற்றிலும் எல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் நான் ஆண்டவரை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நினைக்கவில்லை. காற்று, காற்று என்று மட்டுமே நினைத்தேன். புதுக் குழாய் உள்ளே போய் நெஞ்சு ஏறி இறங்கியபோது, சாகவில்லையே என்ற நிம்மதியைவிட, இது திரும்ப வரும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலம் பிரிஸ்கா உள்ளே வந்தாள். கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள். எதற்கும் அழாதவள். என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அன்று டேப் இல்லை. என் கருவிழி அவளைத் தேடி லேசாக நகர்ந்திருக்க வேண்டும்.

"அம்மா... நீ முழிச்சிருக்கியா? ஆமான்னா கண்ண மேல தூக்கு."

எனக்கென்று மிச்சமிருந்த ஒரே அசைவு அது. மேலே தூக்கினேன்.

"ஐயோ அம்மா. நாங்க பேசுனதெல்லாம் உனக்குக் கேட்டுச்சா?"

தூக்கினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "நீங்களே கேளுங்கப்பா. அவங்ககிட்டயே கேளுங்க."

ஜெயராஜ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சுகந்தி, கழுத்துல ஓட்டை போடணும்ங்கிறாங்க. உனக்கு வேணுமா?"

மேலே தூக்கினேன். இன்னொரு முறை தூக்கினேன். அவருக்குப் புரிந்த பிறகும் தூக்கிக்கொண்டே இருந்தேன். அவர் என் நெற்றியில் கை வைத்தார். "அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறன்று சபையில் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே என் கழுத்தில் துளை போட்டார்கள்.

மறுநாள் எஸ்தர் அக்கா வந்தார். எனக்குக் காது கேட்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். அதனால் நேராக என்னிடமே பேசினார். "சுகந்தி, உன் மனசுல ஏதோ இருக்கு. அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு. அதுதான் தடையா நிக்குது. உள்ளுக்குள்ளயாவது சொல்லிடு."

பிரிஸ்கா ஓர் அட்டையில் ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். தமிழ் எழுத்து அத்தனையும் ஓர் அட்டையில் அடங்காது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருவாள். வேண்டிய எழுத்து வந்ததும் நான் கண்ணைத் தூக்குவேன். அன்று அக்காவுக்கு நான் சொன்ன பதில் இரண்டே எழுத்து. 'பி'. 'ஓ'. சேர்த்தால், போ.

பிரிஸ்கா அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. படிக்காமலே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய்க் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்புறம் பல நாள் வரவில்லை.

ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது, ஒரு நாள். பிறகு அவர் சொன்னது உள்ளே வேலை செய்ய ஆரம்பித்தது. நான் கணக்கு டீச்சர். ஒரு பக்கம் பாவம், மறுபக்கம் தண்டனை என்று வைத்துச் சமன்பாடு போட்டுப் பார்த்தேன். ஞாபகத்தில் இருந்த கோபம், பொறாமை, பொய் எல்லாவற்றையும் கொட்டிக் கூட்டினேன். இந்தக் கட்டில் அளவுக்கு வரவில்லை. சரி, பாடம் கற்பிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், மூச்சை அடைத்துப் பாடம் நடத்துகிற ஆசிரியரை எந்தப் பள்ளியிலும் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஜெபிக்க முயன்றேன். குழந்தைப் பருவத்திலிருந்து தினமும் சொல்லி வந்த ஜெபம் நடுவிலேயே அறுந்துபோனது. ஏன் என்ற ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். எனக்கு வந்த அதே வியாதி. அவருடைய மனைவி கன்னடக்காரப் பெண்மணி. வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஜெயராஜோடு சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொள்வாராம். கணவர் காதருகே அந்தப் பெண் தாழ்ந்த குரலில் தன் தெய்வத்தை வேண்டுவது எனக்குக் கேட்கும். ஒரு நாள் காலை அவருடைய இதயத் துடிப்பு தாறுமாறாகி, நின்றுவிட்டது. இந்த வியாதி சில சமயம் அப்படியும் செய்யும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். எல்லாம் முடிந்து வெளியே போகும்போது அந்தப் பெண் என் கட்டிலருகே நின்றார். என் பாதத்தைத் தொட்டு, "நீவாத்ரூ மனெகெ ஹோகி அக்கா" என்றார். நீங்களாவது வீட்டுக்குப் போங்கள் என்று. என்னால் கண்ணைக்கூடத் தூக்க முடியவில்லை. எதற்கு ஆமாம் சொல்வது?

அந்த நாட்களில் வலியைவிடப் பெரிதாக இருந்தது தாகம். சத்தும் நீரும் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயில் வயிற்றுக்குப் போய்விடும். வாய்க்கு எதுவும் கிடையாது. கொடுத்தால் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, உதடு வெடித்து, ஏசி ஓட்டையிலிருந்து சொட்டும் தண்ணீர் சத்தம் கேட்டாலே எனக்கு அழுகை வரும்.

ஒரு மாலை யாரோ என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணைத் திருப்பினேன். எஸ்தர் அக்கா. கையில் குப்பியும் இல்லை, வேதப் புத்தகமும் இல்லை. சிஸ்டரிடம் ஏதோ கேட்டார். சிஸ்டர் ஒரு துண்டுப் பஞ்சுத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்து, "சும்மா ஒத்தி எடுங்க ஆன்ட்டி, உள்ள போகக் கூடாது" என்றாள். அக்கா என் உதட்டில் அதை ஒற்றினார். நாக்கின் நுனியில் ஒற்றினார். திரும்ப நனைத்து, திரும்பப் பிழிந்து, கை ஓயாமல் செய்துகொண்டிருந்தார்.

"பயமா இருந்துச்சு சுகந்தி" என்றார். "நீ போயிட்டா என் தம்பி என்னாவான்னு பயம். ஏதாவது ஒரு காரணம் இருந்தா, அத சரி பண்ணிடலாம்ல? அதான் தேடுனேன். காரணமே இல்லன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது?"

அவர் கண்ணீர் என் கையில் விழுந்தது. அதன் சூடு என் தோலில் எரிந்தது. அந்த எரிச்சலை நான் பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குச் சிலுவை ஞாபகம் வந்தது. ஐம்பது வருஷமாகப் புனித வெள்ளிதோறும் கேட்ட கதை. கையும் காலும் அசைக்க முடியாமல் ஒருவர். நெஞ்சை உயர்த்தினால்தான் மூச்சு. கீழே நிற்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், முடிந்தால் இறங்கி வா என்கிறார்கள். அவர் இறங்கவில்லை. ஏன் கைவிட்டீர் என்று அவரும் கேட்டார். அவருக்கும் பதில் வரவில்லை. தாகம் என்றார். யாரோ ஈரத்தை உதட்டில் வைத்தார்கள். இத்தனை நாளும் எல்லாரும் கட்டிலுக்கு வெளியே நின்று கடவுளைப் பற்றிப் பேசினார்கள். நானும் அவரை வெளியே, மேலே, எங்கேயோ தேடிக்கொண்டிருந்தேன். என் கட்டில் இருக்கிற இடத்தில் அவர் ஏற்கெனவே கிடந்திருக்கிறார்.

இதனால் வலி குறைந்ததா என்றால், இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காரணமும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஏன் போனார், நான் ஏன் இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் உள்ளே கத்திக்கொண்டிருந்தவள் அன்றைக்குத் தனியாகக் கத்தவில்லை. அவ்வளவுதான் என்னால் சத்தியமாகச் சொல்ல முடிந்தது.

உறை வளர ஆரம்பித்தது. முதலில் இடது கட்டைவிரல் அசைந்தது. பிரிஸ்கா சிஸ்டர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு தோள், கழுத்து. இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, நானாக மூச்சு விடப் பழக்கினார்கள். மலை ஏறுவதுபோல் இருக்கும். கழுத்துக் குழாயை எடுத்து, துளை மூடி, முதல் வார்த்தை கரகரவென்று வந்தபோது ஜெயராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதங்கள் பிசியோதெரபி. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். பாதத்தில் எறும்பு இன்னும் ஊர்கிறது.

சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஆண்டவர் உங்களை எப்படி எழுப்பினார் என்று சொல்லுங்கள் என்றார் பாஸ்டர். என் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போன அந்தப் பெண் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெபக் கூட்டத்துப் பெண்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

போன மாதம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த லில்லியின் கணவர் பழைய மெட்ராஸ் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, வேறொரு ஆஸ்பத்திரியில் ஐசியுவில் இருந்தார். எஸ்தர் அக்கா ஆட்டோ பிடித்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காத்திருப்புக் கூடத்தில் லில்லியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். லில்லிக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் ஒருவர், "சுகந்தி அக்காவைப் பாரு, சாவு வரைக்கும் போயி வந்தவங்க. அக்கா, ஒங்க சாட்சியச் சொல்லுங்க, அவளுக்கு விசுவாசம் வரட்டும்" என்றார்.

லில்லி நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, அவரு பொழச்சிடுவாரா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். எஸ்தர் அக்காவும்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

யாரோ அதிருப்தியோடு உச்சுக் கொட்டினார்கள். நான் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு மெதுவாக லில்லி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவருக்கு வலிக்குமாக்கா?" என்றாள்.

"வலிக்கலாம்மா."

"மயக்கத்துல இருக்காருங்கிறாங்க. நான் பேசுனா காதுல விழுமா?"

"எனக்கு விழுந்துச்சு. ஒண்ணு விடாம விழுந்துச்சு." அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்கா தலை குனிந்துகொண்டார். "அதனால விழும்னே வெச்சுக்கிட்டுப் பேசு."

"என்ன பேசறது? ஜெபம் பண்ணவா?"

"ஜெபம் நாங்க இங்க பண்றோம்" என்றார் எஸ்தர் அக்கா. லில்லியின் மடியிலிருந்த பையையும் துப்பட்டாவையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீ அவன்கிட்ட பேசு. வீட்ல நடந்தது, புள்ளைங்க என்ன பண்ணுதுங்க, அத சொல்லு."

ஐசியு கதவு திறந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். லில்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வதற்குள் அவள் குரல் வெளியே வரை வந்தது.

"ஏங்க... நான்தான். நான் வந்திருக்கேன்."